வணிகம் வளர்த்த வானொலி

கடல் கடந்து வாணிபம் செய்த சமூகத்திற்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மரக்கலம் சுமந்து செல்வது பண்டத்தை மட்டுமன்று. மிளகுடனும் முத்துடனும் துணிப்பொதிகளுடனும் சொற்களும் கரை மாறின. பழக்கங்களும் பாடல்களும் கரை மாறின. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கொழும்புக்குச் சென்று மாணிக்கக்கல் வாணிபம் நடத்திய நம் முன்னோர் இதனை வாழ்ந்தே அறிந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே கடலின்மீது எதிர்த்திசையில் ஒரு புதிய சரக்கு வரத் தொடங்கிற்று. அதற்குச் சுங்கம் இல்லை, தோணியும் வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலும் நாகர்கோவிலிலும் ஒரு பொத்தானைத் திருகினால் போதும், வீட்டுக்குள் வந்து இறங்கிவிடும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை என்று பெயர் பெற்ற குரல்தான் அந்தச் சரக்கு.

அந்தச் சேவையைப் பற்றி இரு வகையான தீர்ப்புகள் நம்மிடையே வழங்குகின்றன. சினிமாப் பாட்டையும் சவர்க்கார விளம்பரத்தையும் விற்ற கடை அது என்பார் ஒரு சாரார். தமிழ் ஒலிபரப்பின் பொற்காலம் அதுவே என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. விளம்பரக் காசில் உயிர் வாழும் ஒரு நிறுவனம் மொழியைப் பேண முடியுமா என்னும் வினாவுக்கு விடை காண விரும்புவோர் இந்த நிலையத்தின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையுடன் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

விதை விழுந்த காலம்

வானொலியையும் விளம்பரத்தையும் முதலில் பிணைத்தவர்கள் அமெரிக்கர். 1922ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க் நகரின் ஒரு நிலையம், வீடு விற்கும் நிறுவனம் ஒன்றுக்குச் சில நிமிட நேரத்தை 50 டாலருக்கு விற்றது. அதே ஆண்டில் தோன்றிய பி.பி.சி. இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்துகொண்டது. விளம்பரம் இல்லை, நேயர்கள் செலுத்தும் உரிமக் கட்டணமே வருவாய், அறிவூட்டுவதே தலையாய பணி. உலக நாடுகள் பலவும் இவ்விரு வழிகளில் ஒன்றைப் பின்பற்றின. இந்தியா பி.பி.சி.யின் வழியில் நடந்தது. இலங்கையோ இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்க்கத் துணிந்தது. அத்துணிவே நம் கதையின் மையம்.

இலங்கையில் ஒலிபரப்பின் தந்தை எனப் போற்றப்படுபவர் எட்வர்டு ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர். தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர். 1923இல் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் சிறியதோர் அறையிலிருந்து இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு அவர் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். பிடிபட்ட செர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் உறுப்புகளைக் கொண்டு அவர் தம் ஒலிபரப்பியை அமைத்தார் என்று சொல்லப்படுகிறது. 1925 டிசம்பர் 16ஆம் நாள் ஆளுநர் சர் ஹியூ கிளிஃபோர்டு கொழும்பு வானொலியை முறைப்படி தொடங்கிவைத்தார்.

இக்கரையிலும் ஏறத்தாழ அதே வேளையில் முயற்சி நடந்தது. சென்னை மாகாண ரேடியோ மன்றம் 1924இல் ஒலிபரப்பிற்று. பொருளின்மையால் அது நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சி நிலையம் 1939 மே 16இலும் பிறந்தன. தமிழ் ஒலிபரப்பு இவ்வாறு கடலின் இருகரைகளிலும் உடன்பிறப்புகளைப் போல் வளர்ந்தது.

போர் விட்டுச் சென்ற கருவி

சிறிய தீவு ஒன்றின் குரல் துணைக்கண்டம் முழுவதும் கேட்டது எவ்வாறு? இதற்கு விடை இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. சிங்கப்பூரை இழந்திருந்த பிரிட்டனுக்கு இலங்கை இன்றியமையாத தளமாயிற்று. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தம் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். பர்மாவிலும் மலேயாவிலும் போரிட்ட வீரர்களுக்காகக் கொழும்பில் ஒரு படைத்துறை வானொலி அமைந்தது. அதன் பொருட்டு ஏக்கலையில் 100 கிலோவாட் ஆற்றல் கொண்ட சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. அக்காலத்தில் ஆசியாவில் அதற்கு இணையான கருவிகள் மிகச் சிலவே இருந்தன.

போர் முடிந்தது, படைகள் கலைந்தன, கருவி மட்டும் நின்றது. 1948 பிப்ரவரி 4இல் இலங்கை விடுதலை பெற்றது. மறு ஆண்டில் அந்த நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949 அக்டோபர் முதல் நாள் 'ரேடியோ சிலோன்' ஒரு தனித் துறையாக உருப்பெற்றது. படைவீரரை மகிழ்விக்கச் செய்த கருவி ஒரு சிறு நாட்டின் கையில் எஞ்சியது. அதனை ஓட்டப் பணம் வேண்டும். உள்நாட்டு உரிமக் கட்டணம் அதற்குப் போதுமா? இக்கேள்விதான் வர்த்தக சேவையை ஈன்றது எனலாம்.

1950 செப்டம்பர் இறுதியில் வர்த்தக சேவை தொடங்கியது. அதனை நெறிப்படுத்தக் கொழும்புத் திட்டத்தின் உதவியுடன் ஆஸ்திரேலியாவிலிருந்து கிளிஃபோர்டு டாட் என்பார் வந்தார். வணிக ஒலிபரப்பு ஆஸ்திரேலியாவில் அப்போதே வேரூன்றியிருந்தது. அவர் இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்றுவித்தார். லிவி விஜேமன்ன, வெர்னன் கொரேயா, ஜிம்மி பரூச்சா முதலானோர் ஆங்கில ஒலிபரப்பில் பெயர் பெற்றனர். ஆங்கிலம், சிங்களம், தமிழ், இந்தி ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகள் விரிந்தன.

ஒன்றை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இது தனியார் நிலையமன்று. நேரத்தை விற்றது அரசு. வருவாய் சேர்ந்ததும் அரசின் ஒலிபரப்புத் துறைக்கே. தேசிய சேவை ஒருபுறம் செய்தியும் கல்வியும் சாத்திரிய இசையும் வழங்கிற்று. வர்த்தக சேவை மறுபுறம் ஈட்டிற்று. ஒரே வளாகத்தில் பள்ளிக்கூடமும் கடையும் இருந்தன என்று சொன்னால் பொருந்தும்.

டெல்லி மூடிய கதவு

கடை திறந்துவிட்டது. கூட்டத்தை அனுப்பிவைத்தது டெல்லி!

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார் பி. வி. கேஸ்கர். பத்தாண்டுக் காலம் அப்பதவியில் இருந்தார். சினிமாப் பாடல் மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்பது அவர் கொண்ட உறுதி. திரைப்பாடலுக்குரிய நேரத்தைக் குறைத்ததோடு, பாடலுடன் படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரமாகும் எனக் கூறி அதனையும் நிறுத்தினார். படத் தயாரிப்பாளர் சினங்கொண்டு ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றனர். விளைவாக அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

கேஸ்கரை வெறும் பிடிவாதக்காரர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. இசையின் தேசிய நிகழ்ச்சி அவர் காலத்தில்தான் 1952இல் தொடங்கியது. அரசர்களின் ஆதரவை இழந்து நின்ற இசைவாணர் பலருக்கு வானொலி வாழ்வளித்தது. திரைப்பாடலுக்கு மாற்றாக மெல்லிசையை வளர்க்கவும் அவர் முயன்றார். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் நல்லதைக் கொடுப்பது வேறு. நல்லதைத் தவிர வேறெதுவும் கிடைக்காமற் செய்வது வேறு. வானொலிப் பெட்டியில் திருகும் பொத்தான் ஒன்று இருக்கிறது என்பதை அமைச்சகம் மறந்தது. நேயர்கள் மறக்கவில்லை. அவர்கள் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர்.

இதில் இயற்கையும் துணை நின்றது. சிற்றலை வானத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பிப் பன்னூறு கல் தொலைவில் இறங்கும் இயல்புடையது. ஆகவே கொழும்பின் ஒலி பம்பாயையும் டெல்லியையும் எட்டியது. மத்திய அலையோ தரையையொட்டிச் செல்வது. உப்பு நீரின்மீது அது தரையினும் எளிதாகப் பரவும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 30 கிலோமீட்டரே. தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களுக்குக் கொழும்பு அண்டைவீடாகவே இருந்தது.

பம்பாயிலிருந்து பறந்த ஒலிநாடா

டெல்லியின் தடையால் விளைந்ததை அறிய ஒரு நிகழ்ச்சியைக் காட்டினால் போதும். 1952 டிசம்பர் 3ஆம் நாள் 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்தி நிகழ்ச்சி இலங்கை வானொலியில் தொடங்கியது. பினாக்கா என்பது ஒரு பற்பசை. அதனை விற்பதற்காகவே அந்த அரைமணி நேரம் வாங்கப்பட்டது. நிகழ்ச்சியை வழங்கியவர் இருபது வயது நிறைந்திராத இளைஞர் அமீன் சயானி. ஏழு பாடல்களை ஒலிக்கச் செய்து, அவற்றை வரிசைப்படுத்தி எழுதுமாறு நேயர்களைக் கேட்டார்கள். முதல் வாரத்தில் 9,000 கடிதங்கள் வந்ததாகவும், ஏறத்தாழ ஓராண்டுக்குள் வாரத்திற்கு 65,000 என வளர்ந்ததாகவும் சயானியே பின்னாளில் கூறியிருக்கிறார். பின்னர் அது பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக மாறிற்று. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு வடநாட்டுத் தெருக்களில் அக்குரல் கேட்காத இடம் அரிது என்னும் நிலை வந்தது.

வியப்பு யாதெனில், நிகழ்ச்சி பதிவானது பம்பாயில். ஒலிநாடா விமானத்தில் கொழும்பு செல்லும். அங்கிருந்து அலையேறி மீண்டும் இந்தியாவுக்கே வரும். இந்தியப் பாட்டு, இந்தியக் குரல், இந்திய நேயர். நடுவில் கடலைக் கடந்து சென்று திரும்ப வேண்டியிருந்தது! விளம்பரப் பணமும் அவ்வழியே வெளிநாட்டுக்குச் சென்றது. பீகாரில் அப்பிரகச் சுரங்கங்கள் சூழ்ந்த ஜும்ரி தலையா என்ற சிற்றூர், பாடல் கேட்டு எழுதும் கடிதங்களாலேயே நாடெங்கும் அறிமுகமாயிற்று. அவ்வூர் இன்று ஜார்க்கண்டு மாநிலத்தில் உள்ளது.

அமீன் சயானியின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். அவர் அன்னையார் குல்சும் சயானி, காந்தியடிகளின் ஊக்கத்தால், புதிதாக எழுதப் படிக்கக் கற்றோருக்காக 'ரஹ்பர்' என்ற இதழை நடத்தியவர். தேவநாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளிலும் அவ்விதழ் எளிய இந்துஸ்தானி மொழியைத் தாங்கி வந்தது. அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளை சமஸ்கிருதச் சுமையும் பாரசீகச் சுமையும் இன்றிப் பேசினார். பாமரனுக்கும் புரிந்தது, பண்டிதனுக்கும் கசக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது இந்தியா முழுவதும் இரங்கியது. அந்த இரக்கம் பற்பசைக்காக அன்று, மொழிக்காக.

தமிழ்க் குரல்கள்

இனி நம் மொழிக்கு வருவோம். வர்த்தக சேவையின் தமிழ் அறிவிப்பாளருள் முன்னோடி எஸ். பி. மயில்வாகனம். 1950களில் அவர் குரல் தமிழ்நாட்டில் திரைநடிகரின் பெயரைப் போல் அறியப்பட்டிருந்தது. அவரை அடுத்து வந்தோர் பலர். நாடகக் கலைஞராக நுழைந்து அறிவிப்பாளராக உயர்ந்த இராஜேஸ்வரி சண்முகம், மூச்சு விடாத வேகத்திலும் ஒரு சொல்லும் சிதையாமல் பேசிய கே. எஸ். ராஜா, அளந்து பேசிய பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரை இருகரையிலும் அறியாதார் இல்லை. வி. ஏ. கபூரின் குரலும் பலரின் நினைவில் நிற்பது. 'பொங்கும் பூம்புனல்' காலையை விடிய வைத்தது. 'பிறந்தநாள் வாழ்த்து', 'நேயர் விருப்பம்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' என ஒவ்வொரு பெயரும் நல்ல தமிழில் அமைந்திருந்தது.

தமிழ்நாட்டில் 'ஆகாசவாணி' என்னும் சொல் வேண்டா, 'வானொலி' என்றே சொல்லுக என்று கிளர்ச்சி நடந்த ஆண்டுகளில், அக்கரையிலிருந்து 'இலங்கை வானொலி' என்ற அறிவிப்பு நாள்தோறும் இயல்பாக வந்துகொண்டிருந்தது. ஒலிபரப்பு, அறிவிப்பாளர், இசைத்தட்டு, ஒலிவாங்கி என்ற சொற்கள் அங்கே நாவில் புழங்கின. ழகரமும் ளகரமும் லகரமும் தத்தம் இடத்தில் நின்றன. பற்பசையையும் தேயிலையையும் பட்டுப்புடவையையும் விற்ற வாய்தான் இந்தத் தமிழையும் பேசிற்று!

இது எவ்வாறு இயன்றது? காரணங்கள் மூன்று என்று நாம் கருதுகிறோம். முதலாவது, தேர்வு. அறிவிப்பாளராவதற்குக் குரலும் உச்சரிப்பும் தேறியாக வேண்டும்; நாடகத்திலும் சிறுவர் நிகழ்ச்சியிலும் பழகி வந்தவர்களுக்கே பெரும்பாலும் வாய்ப்பு வாய்த்தது. அப்துல் ஹமீத் சிறுவர் நிகழ்ச்சியில் குரல் கொடுத்துத் தொடங்கியவரே. இரண்டாவது, நேயரின் பரப்பு. யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் மதுரையாரும் குமரி மாவட்டத்தாரும் ஒரே வேளையில் கேட்கின்றனர். எந்த ஊர்ப் பேச்சைப் பேசினாலும் மற்ற ஊருக்கு அயலாகிவிடும். ஆகவே எல்லாருக்கும் பொதுவான செப்பமான தமிழ் தேவைப்பட்டது. மூன்றாவது, பொத்தான். நேயர் விருப்பமின்றிக் கேட்பவர் அல்லர், பிடிக்காவிடில் திருப்பிவிடுவார். வணிகம் இந்த அச்சத்தை அறிவிப்பாளரின் நெஞ்சில் எப்போதும் வைத்திருந்தது. அவ்வச்சம் சிலரை மலிவுக்கு இட்டுச் செல்லும். திறமையுள்ளோரை உழைப்புக்கு இட்டுச் செல்லும். கொழும்பில் இரண்டாவது நிகழ்ந்தது.

ஊர்ப்பேச்சுக்கும் அங்கு இடமிருந்தது. 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவை நாடகத்தை நினைவுகூர்வோர் நம்முள் உள்ளனர். எஸ். ராம்தாஸ் எழுதிய அந்நாடகத்தில் நால்வர் நான்கு வகைத் தமிழ் பேசினர். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ்; உபாலி சிங்களம் கலந்த தமிழ்; மரிக்கார் இலங்கை முஸ்லிம்களின் தமிழ்; ஐயர் பிராமணத் தமிழ். மரிக்காராக நடித்தவர் ராம்தாஸ். ஐயராக நடித்தவர் அப்துல் ஹமீத்! முஸ்லிமின் வாயில் ஐயர் தமிழும், முஸ்லிம் அல்லாதவரின் வாயில் மரிக்கார் தமிழும் ஒலித்தன, கேட்டோர் அனைவரும் சிரித்தனர், எவரும் புண்படவில்லை. மக்களின் விருப்பத்தால் அது 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வந்தது. ராம்தாஸ் வாழ்நாள் முழுவதும் 'மரிக்கார் ராம்தாஸ்' என்றே அழைக்கப்பட்டார். ஒரு சமூகத்தின் பேச்சை மற்றொரு சமூகத்தான் அன்புடன் கற்றுப் பேசிய அந்த நாட்களை எண்ணிப் பார்க்கையில், பின்னே வந்த நாட்களின் கொடுமை இன்னும் கனமாகத் தெரிகிறது.

நம் இல்லங்களில்

நம் சமூகத்து இல்லங்களில் வானொலிப் பெட்டி எளிதாக நுழைந்துவிடவில்லை. சினிமாப் பாட்டு வீட்டுக்குள் கேட்பதா என்று பெரியவர்கள் தயங்கினர். அத்தயக்கத்தைக் குறைத்ததில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளுக்குப் பங்குண்டு. திருமறை ஓதல், மார்க்கப் பேச்சு, ரமலானில் நோன்பு துறக்கும் நேரத்தையொட்டிய நிகழ்ச்சி, நாகூர் இ. எம். ஹனிபாவின் பாடல், காயல் ஷேக் முகம்மதுவின் பாடல் எனத் தமிழ் முஸ்லிம் தன் வாழ்வைத் தன் மொழியில் அலைவரிசையில் கேட்டான். பெருந்திரளான நேயர்களுக்கிடையே தானும் ஒருவன் என்ற எண்ணம் அவனுக்கு உண்டாயிற்று.

பெண்களுக்கு அது மேலும் பெரிய வாசலாயிற்று. வெளியில் அதிகம் செல்லாத தாய்மாரும் சகோதரியரும் ஓர் அஞ்சலட்டையில் தம் விருப்பத்தை எழுதிப் போட்டனர். சில வாரங்களில் அவர்கள் பெயர் கடலுக்கு அப்பாலிருந்து ஒலித்தது. பிறந்தநாள் வாழ்த்தில் மர்யமும் மீனாட்சியும் மேரியும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டனர். கணவன் கொழும்பிலோ கண்டியிலோ கடை வைத்திருக்க, மனைவி இக்கரையில் பிள்ளைகளுடன் காத்திருந்த குடும்பங்கள் நம் கடற்கரை ஊர்களில் பல. அவர்களுக்கு அந்த ஒலி வெறும் பொழுதுபோக்கன்று. அவர் இருக்கும் ஊரின் காற்று.

1964ஆம் ஆண்டு இரு பேரிடிகளைக் கொணர்ந்தது. அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு செய்தது. டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, இரயிலும் கப்பலும் இணைந்த பழைய வழியை அறுத்தது. மனிதர் செல்லும் வழி குறுகிற்று. குரல் செல்லும் வழி குறுகவில்லை. தாயகம் திரும்பியோர் எனப் பெயரிடப்பட்டுத் தமிழ்நாட்டில் இறங்கிய மலையக மக்களுக்கு, தாங்கள் பிறந்த மண்ணின் ஒலி அந்தப் பெட்டியில் மட்டுமே எஞ்சியிருந்தது.

எதிரொலி

கொழும்பின் வெற்றி டெல்லியின் காதில் விழாமலில்லை. 1957 அக்டோபர் 3இல் அகில இந்திய வானொலி 'விவித பாரதி'யைத் தொடங்கியது. பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சிற்றலை ஒலிபரப்பிகள் அதனைச் சுமந்தன. வெளியே தள்ளப்பட்ட திரைப்பாடல் முன்வாசல் வழியாகவே திரும்பி வந்தது. 1967இல் விவித பாரதியில் விளம்பரமும் நுழைந்தது. அமைச்சர் கேஸ்கர் அதற்குள் பதவியை விட்டு விலகியிருந்தார். ஐந்தாண்டுகள் கதவை மூடிவைத்தபின் திறந்தார்கள். ஆனால் அதற்குள் நேயர்கள் அடுத்த வீட்டில் உறவு கொண்டாடிப் பழகிவிட்டனர்.

இலங்கையிலும் அமைப்பு மாறிற்று. 1966ஆம் ஆண்டின் சட்டப்படி, 1967 ஜனவரி 5இல் அரசுத் துறையாக இருந்த ரேடியோ சிலோன் ஒரு கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாடு குடியரசானபோது அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றது. டிரான்சிஸ்டர் பெட்டி மலிவாகி வயல்வரப்பு வரை சென்ற அந்த எழுபதுகளே தமிழ் வர்த்தக சேவையின் உச்சக்காலம்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். நேரம் விலைக்கு விற்கப்பட்டதால், காசுள்ள பண்டத்திற்கே குரல் கிடைத்தது. புதுப்படங்களின் விளம்பரம் விமரிசனத்தின் உடையணிந்து வந்தது. ஒரே பாடலுக்குச் சங்கம் வைத்துக் கடிதங்கள் குவிக்கும் வழக்கம் மக்களின் விருப்பத்தைப் பொய்யாகக் காட்டிற்று. இலங்கையின் சொந்தத் தமிழ்ப் பாடகரும் இசையமைப்பாளரும் தென்னிந்தியத் திரைப்பாடலின் வெள்ளத்தில் நிழலில் நின்றனர். விளம்பரதாரரின் கணக்கில் சிற்றூர்க் கவிஞனுக்கு இடமில்லை. அவனுக்கு இடம் தரும் பொறுப்பைத் தேசிய சேவை தன்னால் இயன்ற அளவு சுமந்தது.

இறங்குமுகம்

உச்சியிலிருந்து இறங்கியதற்கும் காரணங்கள் பல. 1975 ஆகஸ்டு 15இல் சென்னையில் தொலைக்காட்சி வந்தது. இலங்கையில் அது 1979இல் தொடங்கி, 1982இல் ரூபவாஹினியாக வேரூன்றியது. ஒலிநாடாப் பேழை மலிந்ததும் விரும்பிய பாடலை விரும்பிய நேரத்தில் கேட்கலாம் என்றாயிற்று. நேயர் விருப்பத்திற்காகக் காத்திருக்கும் இன்பம் பொருளிழந்தது. பினாக்கா நிகழ்ச்சியும் 1980களின் இறுதியில் கொழும்பை விட்டு விவித பாரதிக்குச் சென்றது.

இவை காலத்தின் மாற்றங்கள். 1983 ஜூலையில் நிகழ்ந்ததோ மனிதர் செய்த அழிவு. தமிழர்க்கு எதிரான அவ்வன்முறையும், தொடர்ந்து 2009 வரை நீண்ட போரும் தமிழ் ஒலிபரப்பின் அடித்தளத்தையே குலைத்தன. கலைஞர் பலர் நாடுநாடாகச் சிதறினர். இலட்சக்கணக்கானோரைச் சிரிக்கவும் வியக்கவும் வைத்த கே. எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொலையுண்டார். பாட்டு மட்டுமே அறிந்த ஒரு குரலையும் பகைமை விட்டுவைக்கவில்லை.

1990களில் இலங்கையில் தனியார் பண்பலை நிலையங்கள் எழுந்தன. சூரியன், சக்தி முதலிய தமிழ் நிலையங்கள் அப்பத்தாண்டின் இறுதியில் தோன்றின. கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவை 'தென்றல்' என்ற புதுப்பெயர் பூண்டது. இந்தியாவிலும் 2001 முதல் தனியார் பண்பலை பரவியது. பண்பலை ஒலி தெளிவானது. ஆனால் நகரெல்லையைத் தாண்டிச் சில கல்லில் நின்றுவிடும். கடல் கடந்து கேட்பதற்கு அது ஏற்றதன்று. ஒவ்வொரு நகருக்கும் தனித்தனி நிலையம் வந்தபின், எல்லாருக்கும் பொதுவான தமிழ் என்னும் தேவை நிலையத்தாருக்கு இல்லாமற் போயிற்று. ஆங்கிலம் பாதியும் தமிழ் பாதியுமாகக் கலந்த பேச்சு அங்கிருந்தே பெருகியது. இலங்கை வானொலியும் வணிகம், இதுவும் வணிகமே. வேறுபாடு எங்கே?

எண்ணிப் பார்க்க

வேறுபாடு வணிகத்தில் இல்லை. அதற்கு விதிக்கப்பட்ட ஒழுங்கில் இருக்கிறது என்பதே நாம் காணும் விடை. கொழும்பில் நேரத்தை வாங்கியவர் வணிகர். மொழியைக் காத்தவர் அறிவிப்பாளர். எடையில் குறை வைக்காத கடைக்காரனிடம் ஊர் மக்கள் தேடிச் செல்வதைப் போல, சொல்லில் குறை வைக்காத நிலையத்தை நேயர்கள் தேடிச் சென்றனர். நேர்மையான அளவை வணிகத்தின் மானம் என்பதை நம் சமூகம் பிறருக்குச் சொல்லும் தகுதியுடையது. சொல்லுக்கும் ஓர் அளவை உண்டு. அதை விட்டுக்கொடுத்த கடை நாளடைவில் வாடிக்கையையும் விட்டுக்கொடுக்கும்.

தமிழ் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழும்போதெல்லாம் அந்த நிலையத்தின் வரலாறு சான்றுரைக்க வல்லது. ஒரு தலைமுறைக்கே உச்சரிப்பைக் கற்பித்தவர்களுள் அப்துல் ஹமீத் முன்வரிசையில் நிற்கிறார். அவரிடம் தமிழ் கேட்டு வளர்ந்த எவரும் அவருடைய மார்க்கம் எதுவென்று கேட்டபின் பெட்டியைத் திறக்கவில்லை. மொழி, அதனைப் பேணுவோரிடம் தங்குகிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கொழும்பு நிலையத்தின் இசைத்தட்டு நூலகம் வேறெங்கும் கிடைக்காத பழம்பாடல்களைக் காத்து வைத்திருப்பதாகப் புகழ் பெற்றது. ஆனால் நேரலையில் பேசப்பட்ட சொற்களில் பெரும்பகுதி காற்றோடு கலந்துவிட்டது; பாட்டு நின்றது, பாட்டை அறிமுகப்படுத்திய பேச்சு நிற்கவில்லை. அவற்றுள் சில, வீட்டில் பதிவு செய்யப்பட்ட பழைய ஒலிநாடாக்களில் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். கொழும்புக்குப் போய்வந்த குடும்பங்களின் பரண்களில் அத்தகைய பேழைகள் இருந்தால், பூசணம் பிடித்து அழியுமுன் எடுத்துத் துடைத்துப் புதிய கருவிகளில் பதிந்து வைத்தல் நம் கடமை. அந்நாளைய நேயர்களான முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். எந்த நிகழ்ச்சிக்கு எழுதினார்கள், யாருக்காக எந்தப் பாடலைக் கேட்டார்கள், பெயர் ஒலித்தபோது வீடு எப்படி இருந்தது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். கடிதம் எழுதிய கைகள் ஓயுமுன் அது நடைபெற வேண்டும்.